பந்தயப் பணத்தைப் பங்கிடுதல்: நிகழ்தகவுக் கணக்கின் தோற்றம் பற்றிய ஓர் ஆய்வு

கலைப்பீடத்திற் பொருளியலையோ புவியியலையோ ஒரு பாடமாகக் கொண்டோர் புள்ளிவிபரவியலைத் தவிர்த்துச் செல்லுதல் அரிது. அப்பாடநெறியின் வாயிலில் மாணவரை முதன்முதல் எதிர்கொள்வன நாணயங்களும், தாயக்கட்டைகளும், நிறம் வேறுபட்ட பந்துகள் இடப்பட்ட பைகளுமேயாம். "கோடாத நாணயங்கள் இரண்டு சுண்டப்படுகின்றன. ஒரு தலையும் ஒரு பூவும் கிடைப்பதற்கான நிகழ்தகவு யாது?" என்பது அவ்வினாக்களுள் மிக எளியதாகக் கருதப்படுவது. நான் பயின்ற வகுப்பில் இதற்கு விடை கூறியோருட் பலர் மூன்றிலொன்று என்றனர். அவர்களுள் நானும் ஒருவன். இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலையும் மற்றது பூவும் என நிகழக்கூடியவை மூன்று. நாம் வேண்டுவது அவற்றுள் ஒன்று. எனவே மூன்றிலொன்று என்பது எமது நியாயம். விடை பிழையென்றும், சரியான விடை இரண்டிலொன்று என்றும் கரும்பலகையில் எழுதப்பட்டது. வகுப்பு அடுத்த வினாவிற்குச் சென்றது.

ஏன் பிழை என்பதைப் பின்னர் நூலகத்திற் தேடியபோது ஆறுதலளிக்கும் செய்தியொன்று கிடைத்தது. பிரான்சின் தலைசிறந்த கணிதவியலாளருள் ஒருவரும், புகழ்பெற்ற பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் பதிப்பாசிரியர் இருவருள் ஒருவருமான தலம்பேர், 1754 இல் அக்களஞ்சியத்திலேயே இதனையொத்த தவறொன்றை அச்சேற்றியிருந்தார். நாணயத்தை இருமுறை சுண்டுவதில் ஒருமுறையேனும் தலை விழுவதற்கான வாய்ப்பு நான்கில் மூன்று என்பது வழக்கமான விடை. அவரோ, முதற் சுண்டலிலேயே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும். ஆகவே தலை, பூவின்பின் தலை, பூவின்பின் பூ என நிலைகள் மூன்றே. விடை மூன்றில் இரண்டு என்று வாதிட்டார். 

இவ்வாறான தவறுகளைச் செய்தவர் தலம்பேர் ஒருவரல்லர். இத்துறையின் வரலாற்றைப் புரட்டினால் முதல் நூற்றைம்பது ஆண்டுகளிலும் பெரும் பெயர்களைத் தாங்கிய தவறுகளே நிறைந்து காணப்படுகின்றன. அவற்றுள் எதுவும் பெருக்கலிலோ வகுத்தலிலோ நேர்ந்த தவறன்று. எவற்றை எண்ணுவது, எண்ணப்படுவனவற்றுள் எவற்றை ஒன்றுக்கொன்று சமமாகக் கொள்வது என்னும் தீர்மானத்திலேயே அவை நேர்ந்தன. அறிமுக நிலை நிகழ்தகவுக் கணக்கிற் கடினமான பகுதி இத்தீர்மானமே என்பதும், அது கணிதத்திற்குள் வந்து சேர்ந்தது நீதி பற்றிய ஒரு வினாவின் ஊடாகவே என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்துக்களாகும்.

சூதாட்டம் மனித நாகரிகத்தோடு உடன் பிறந்தது. ஆடு முதலிய விலங்குகளின் குதிக்கால் எலும்பை உருட்டி ஆடும் வழக்கம் பண்டைக் கிரேக்கத்திலும் உரோமிலும் பரவியிருந்தது. நம்மவரின் இதிகாச மரபிலும் அரசுகள் கவறாட்டத்திற் கைமாறின. மகாபாரதத்தின் வனபருவத்தில் வரும் நளன் கதையை இத்துறை ஆய்வாளர் சிலர் விதந்து கூறுவர். தேரிற் செல்லும் இருதுபர்ணன் தான்றி மரமொன்றின் கிளைகளை நோக்கியே அதன் இலைகளினதும் காய்களினதும் தொகையைக் கூறுகிறான்; நளன் இறங்கி எண்ணிப் பார்க்கச் சரியாயிருக்கிறது; தேரோட்டும் வித்தைக்கு ஈடாகக் கவறாட்ட வித்தை நளனுக்குக் கைமாறுகிறது. தான்றிக்காயே அக்காலத்துக் கவறாகப் பயன்பட்டது என்பதையும் சேர்த்து நோக்கினால், எண்ணாமலே தொகையை மதிப்பிடும் ஆற்றலும் சூதிற் சிறக்கும் ஆற்றலும் ஒரே வித்தையின் இரு கூறுகள் எனக் கருதிய ஒரு மரபு இருந்தமை புலனாகும். ஆயின் அவ்வித்தை யாது என்பதைக் கதை சொல்லவில்லை. அது மந்திரம்போற் செவிவழி வழங்கப்படுகிறது. கதையை வைத்துப் பண்டை இந்தியாவில் நிகழ்தகவுக் கோட்பாடு இருந்ததென முழங்குவது ஆய்வு நேர்மைக்கு ஒவ்வாது.

எழுதி வைக்கப்பட்ட கணக்காக இப்பொருள் நமக்குக் கிடைப்பது இத்தாலியிலிருந்தே. 1494 இல் வெனிஸ் நகரில் லூக்கா பாச்சோலி என்னும் துறவி வெளியிட்ட பெருங் கணித நூல், இரட்டைப் பதிவுக் கணக்கியலை அச்சில் விளக்கிய முதல் நூல் என வணிகத்துறை மாணவருக்கு அறிமுகமானது. அதிற் பின்வரும் கணக்கு இடம்பெறுகிறது. இரு தரப்பார் பந்தாடுகின்றனர். ஒவ்வொரு வெற்றிக்கும் 10 புள்ளி. முதலில் 60 புள்ளி பெறுவோருக்கே பந்தயப் பணம் முழுவதும் உரியது. ஒரு தரப்பார் 50 புள்ளியும் மறு தரப்பார் 20 புள்ளியும் பெற்றிருக்கையில் ஏதோ காரணத்தால் ஆட்டம் நின்றுவிடுகிறது. பணத்தை எவ்வாறு பங்கிடுவது?

பாச்சோலியின் விடை 5 இற்கு 2 என்பது. பெற்ற புள்ளிகளின் விகிதமே பங்கின் விகிதம். இவ்விடை எங்கிருந்து வந்தது என்பதை நோக்குதல் வேண்டும். வெனிஸ் வணிக நகரம். கூட்டு வாணிபத்தில் இருவர் இட்ட முதலின் விகிதப்படி இலாபத்தைப் பங்கிடுதல் அங்கு அன்றாட வழக்கு. அதே நூலிற் கூட்டு வாணிபக் கணக்குகள் பல உள. பாச்சோலி ஆடியோரை வணிகக் கூட்டாளிகளாகவும், ஈட்டிய புள்ளிகளை அவர்கள் இட்ட முதலாகவும் கண்டார். கடந்தது மட்டுமே அவர் கண்ணிற் பட்டது. ஒரு சமூகத்தின் பொருளியல் வாழ்வு அதன் கணிதத்திற்கு வினாக்களை வழங்குவதோடு நில்லாது பிழையான விடைகளையும் வழங்கக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1539 இற் கார்டானோ இவ்விடையை மறுத்தார். மருத்துவர், சோதிடர், கணிதவியலாளர் எனப் பல முகங் கொண்ட இவர், தாம் நெடுங்காலம் நாள்தோறும் சூதாடியதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் வெட்கத்துடன் ஒப்புக்கொண்டவர். எத்தனை வென்றனர் என்பதன்று, எத்தனை வெல்லவேண்டியுள்ளது என்பதே பொருட்டு என அவர் கண்டார். இது பெரும் திருப்பம். ஒரு தரப்பார்க்கு இன்னும் ஒரு வெற்றி தேவை. மறு தரப்பார்க்கு நான்கு. ஒன்று முதல் நான்கு வரையான எண்களைக் கூட்டினால் 10. ஆகவே பங்கு 10 இற்கு 1 என்றார். நோக்கு சரி, கணக்குப் பிழை. அவருடைய பரம வைரியான தார்த்தாக்லியா 1556 இல் வெளியிட்ட நூலில் மற்றொரு வழியை முன்வைத்தார். பாச்சோலியின் விதிப்படி ஒரு தரப்பார் 10 புள்ளியும் மறு தரப்பார் ஒன்றுமில்லாமலும் இருக்கையில் ஆட்டம் நின்றால், ஒரேயொரு வெற்றிக்காகப் பணம் முழுவதும் முதல் தரப்பாரைச் சேரும். இது நியாயமாகுமா என்று அவர் வினவினார். அவர்தம் முறைப்படி மேற்கூறிய கணக்கின் விடை 3 இற்கு 1. ஆயினும் தம் விடையிலும் அவருக்கு நம்பிக்கையில்லை. இத்தகைய வினா கணிதத்தால் அன்றி நீதிமன்றத்தால் தீர்க்கப்படவேண்டியது; எவ்வாறு தீர்ப்பினும் வழக்காடுவதற்கு இடமிருக்கும் என்னும் கருத்துப்பட எழுதி நிறுத்திக்கொண்டார்.

இவ்வாக்கு பலரால் தோல்வியின் ஒப்புதலாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. என் கருத்தோ வேறு. ஆட்டம் ஒன்று; புள்ளிகள் ஒன்று; அறிஞர் மூவர் கூறிய விடைகள் 5 இற்கு 2, 10 இற்கு 1, 3 இற்கு 1. இவற்றுள் எதுவும் கூட்டற் பிழையால் வந்ததன்று. எது நியாயமான பங்கு என்பதை வரையறுக்காமற் கணக்கைத் தொடங்கியதால் வந்தவை. தார்த்தாக்லியா ஒருவரே அக்குறையை உணர்ந்து கூறியவர்.

இதற்கிடையில், எண்ணும் முறையில் ஒரு முன்னேற்றம் நிகழ்ந்தது. இரு தாயக்கட்டைகளுக்கு 36 நிலைகளும் மூன்றிற்கு 216 நிலைகளும் உண்டு என்பதைக் கார்டானோ தெளிவாக அறிந்திருந்தார். எனினும் சூதாட்டம் பற்றிய அவரது நூல் அவர் இறந்து நெடுங்காலத்தின் பின், 1663 இலேயே அச்சேறியது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கலிலியோ, தமக்குக் கட்டளையிட்ட ஒருவருக்காகச் சிறு குறிப்பொன்றை வரைந்தார். மூன்று கட்டைகளை எறியும்போது 9 என்னும் கூட்டுத்தொகையை ஆறு வகையிற் பெறலாம். 10 ஐயும் ஆறு வகையிலேயே பெறலாம். ஆயின் நீண்ட அனுபவமுடைய ஆட்டக்காரர் 9 ஐ விட 10 ஏ வாய்ப்பானது என்று கொள்கின்றனர். ஏன்? கலிலியோவின் விளக்கம் இன்றைய பாடநூலிற் சேர்க்கத்தக்க தெளிவுடையது. 1, 2, 6 என்னும் மூன்று வேறெண்கள் மூன்று கட்டைகளில் ஆறு விதமாக அமையும். 2, 2, 5 மூன்று விதமாக அமையும். 3, 3, 3 ஒரே விதமாகவே அமையும். இவ்வாறு எண்ணினால் 9 இற்கு 25 நிலைகளும் 10 இற்கு 27 நிலைகளும் கிடைக்கின்றன. 

எமது வகுப்பிற் செய்யப்பட்ட பிழைக்கு விடை இங்குதான் உள்ளது. தலையும் பூவும் என்பது எமது கண்ணுக்கு ஒன்று, நாணயங்களுக்கு இரண்டு. முதல் நாணயம் தலையும் இரண்டாவது பூவுமாக விழலாம்; மாறியும் விழலாம். நாணயங்கள் இரண்டும் எவ்வளவு ஒத்திருந்தாலும் அவை இரண்டு பொருள்களே. இவ்வுண்மையைக் கரும்பலகையில் ஒரு சதம் நாணயமும் ஒரு ரூபா நாணயமும் வரைந்து காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் எமக்கு விளங்கியிருக்கும். பேரறிஞரான லைப்னிற்சும் இரு கட்டைகளில் 11 விழுவதும் 12 விழுவதும் சமவாய்ப்புடையன என்று கருதினார். உண்மையில் 11 இற்கு இரு நிலைகள். 12 இற்கு ஒன்றே.

இனி 1654 ஆம் ஆண்டிற்கு வருவோம். பாடநூல்கள் கூறும் கதை இது: டி மேரே என்னும் பிரெஞ்சுச் சீமான், ஒரு கட்டையை நான்குமுறை எறிந்து ஒரு ஆறேனும் விழும் எனப் பந்தயங் கட்டிப் பொருளீட்டினார், பின்னர் இரு கட்டைகளை 24 முறை எறிந்து இரட்டை ஆறு ஒருமுறையேனும் விழும் எனப் பந்தயங் கட்டிப் பொருளிழந்தார், இழப்பின் காரணத்தைப் பஸ்காலிடம் வினவினார், அதிலிருந்து நிகழ்தகவுக் கோட்பாடு பிறந்தது. கதை சுவையானது. கணக்கும் பொருந்துகிறது. முதலாவது பந்தயத்தின் நிகழ்தகவு 1296 இல் 671, அதாவது 0.518 அளவு. இரண்டாவதன் நிகழ்தகவு 0.491 அளவு. 24 இற்குப் பதிலாக 25 எறிவுகள் எனின் அரையைச் சற்றே தாண்டும்.

ஆயின் இக்கதையை அதே பாடநூலின் பிற்பகுதியில் நாம் கற்கும் நியம வழுவைக்கொண்டு சோதித்துப் பார்ப்பதிற் தவறில்லை. 0.491 இற்கும் அரைக்குமுள்ள வேறுபாடு 0.0086 மாத்திரமே. தற்செயல் ஏற்றத்தாழ்வினின்றும் இவ்வேறுபாட்டைப் பிரித்தறிய வேண்டுமாயின், நியம வழு இவ்வேறுபாட்டின் அரைப்பங்காகவேனும் சுருங்குதல் வேண்டும். அதற்குத் தேவையான ஆட்டங்கள் ஏறக்குறைய 13,500. ஒவ்வோர் ஆட்டத்திலும் 24 எறிவுகள் எனக் கொண்டால் மூன்று இலட்சத்திற்கு மேற்பட்ட எறிவுகள். நாளொன்றுக்கு நூறு ஆட்டம் ஆடினும் 135 நாள் ஆடி, ஒவ்வொன்றையும் ஏட்டிற் குறித்து வைத்தாலன்றிச் சீமானுக்கு உண்மை வெளிப்பட்டிராது. கலிலியோ கூறும் ஆட்டக்காரரின் அனுபவம் பலர் நெடுங்காலம் ஆடியதால் விளைந்தது. ஒருவரின் பணப்பையிலிருந்து அதனைப் படித்தறிதல் அரிது. 

பஸ்கால் பெர்மாவிற்கு 1654 யூலை 29 ஆந் திகதி எழுதிய கடிதமும் பணமிழந்த கதையைக் கூறவில்லை. அதிற் காணப்படுவது வேறு. ஒரு கட்டைக்கு நிலைகள் 6. அதற்கு 4 எறிவுகள் போதும். இரு கட்டைகளுக்கு நிலைகள் 36. எனவே 24 எறிவுகள் போதுமாதல் வேண்டும். ஏனெனில் 6 இற்கு 4 எவ்வாறோ அவ்வாறே 36 இற்கு 24. போதாது என்று கணக்குச் சொல்கிறது. ஆகவே எண்கணிதமே தன்னைத்தான் மறுக்கிறது என்று டி மேரே குறைகூறினாராம். அவரை உறுத்தியது வெறுமையான பணப்பையன்று. பொய்த்துப்போன முக்கூட்டு விதி. பாச்சோலியைப் போலவே அவரும் வணிகக் கணக்கின் விகிதத்தை அது செல்லாத இடத்திற் செலுத்திப் பார்த்தவர்.

இக்கடிதப் போக்குவரத்தின் மையமாக அமைந்தது தாயக்கட்டையன்று. இடையில் நின்ற ஆட்டத்தின் பந்தயப் பணமே. பஸ்கால் அதனை இவ்வாறு அவிழ்க்கிறார். இருவர் ஆளுக்கு 32 பொற்காசு பந்தயமாக வைக்கின்றனர். முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்கு 64 காசும் உரியது. ஒருவர் இரண்டும் மற்றவர் ஒன்றும் வென்றிருக்கையிற் பிரிய விரும்புகின்றனர். முன்னிற்பவர் கூறலாம்: "அடுத்த ஆட்டத்தில் நான் வென்றால் 64 உம் எனது. தோற்றாலோ இருவரும் சமநிலை அடைவோம். அப்போதும் 32 எனது. ஆகவே 32 எவ்வாறாயினும் என்னுடையது. எஞ்சிய 32 நும்மைச் சேரலாம், என்னைச் சேரலாம், வாய்ப்புச் சமம். அதனைச் சரிபாதியாகப் பிரிப்போம்." எனவே ஒருவருக்கு 48, மற்றவருக்கு 16. இதனைப் படியாகக் கொண்டு பின்னோக்கிச் சென்றால், இரண்டிற்குப் பூச்சியம் எனும் நிலையில் 56 உம் 8 உம். ஒன்றிற்குப் பூச்சியம் எனும் நிலையில் 44 உம் 20 உம்.

இங்கே ஒரு கணமேனும் நின்று நோக்குதல் தகும். பஸ்காலின் இத்தீர்வில் நிகழ்தகவு என்னும் சொல்லே இல்லை. இருப்பது ஒரு வாதம். ஒருவர் மற்றவரிடம் தம் உரிமையை எடுத்துரைக்கும் வழக்குரை. உறுதியாக உரியதை முதலிற் பிரித்தெடுத்து, ஐயத்திற்குரியதை மட்டும் சமமாகப் பகிர்தல் என்னும் நியாயம் முன்னே செல்கிறது. எண்கள் பின்னே வருகின்றன.

பெர்மாவின் வழி வேறு. துலூஸ் நகர உயர்நீதிமன்றில் நீதியாளராக வாழ்நாள் முழுவதும் கடமையாற்றிய இவர், ஓய்வு நேரத்திலேயே கணிதம் செய்தவர். ஒருவருக்கு இரண்டு வெற்றியும் மற்றவருக்கு மூன்று வெற்றியும் தேவையெனின், மிஞ்சிப் போனால் நான்கு ஆட்டத்தில் யாவும் முடிந்துவிடும். நான்கும் ஆடப்பட்டதாகவே கற்பனை செய்வோம். நிலைகள் 16. அவற்றுள் 11 முதலாமவருக்கும் 5 இரண்டாமவருக்கும் சாதகமானவை. பங்கும் அவ்வாறே. பாச்சோலியின் பழைய கணக்கிற்கு இம்முறையைப் பொருத்தினால், பின்தங்கியோர் நான்கு ஆட்டத்தையும் தொடர்ந்து வென்றாலன்றி வழியில்லை; 16 நிலைகளில் ஒன்றே அவர்க்குரியது. ஆகவே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற் காத்திருந்த வினாவின் விடை 15 இற்கு 1.

உடனே மறுப்பு எழுந்தது. பாரிசில் வாழ்ந்த கணிதவியலாளரான ரோபெர்வால், முதலாமவர் முதல் இரண்டு ஆட்டத்தையும் வென்றுவிட்டால் ஆட்டம் முடிந்தது. எஞ்சிய இரண்டையும் எவரும் ஆடப்போவதில்லை. ஆடப்படாதவற்றை எண்ணுவது எவ்வாறு பொருந்தும் என்று வினவினார். நூறு ஆண்டின் பின் தலம்பேர் எழுப்பியதும் இதே ஐயமே. ஐயம் அற்பமானதன்று. இதற்குப் பஸ்கால் ஆகஸ்ட் 24 ஆந் திகதிக் கடிதத்தில் கூறும் விடை: ஆடுவோர் இருவரும் நான்கு ஆட்டத்தையும் ஆடியே தீர்வதென உடன்பட்டாலும் எவர்க்கும் இலாபமுமில்லை, நட்டமுமில்லை; இரண்டு வென்றவரிடமிருந்து பின்னைய ஆட்டங்கள் எதனையும் பறிக்கமாட்டா. ஆகவே ஆடினும் ஆடாவிடினும் பங்கு ஒன்றே. ஆடப்படாத ஆட்டங்களைச் சேர்ப்பது மெய்ந்நிகழ்ச்சியை விவரிப்பதற்காக அன்று. நிலைகள் யாவும் சமநிறையுடையனவாக அமைவதற்காகவே. தலம்பேரின் மூன்று நிலைகளில் முதலாவது ஏனையவற்றைப்போல் இரு மடங்கு நிறையுடையது என்பதை அவர் காணவில்லை.

இவ்வளவு தெளிவாக எழுதிய பஸ்கால் அதே கடிதத்திற் தாமே வழுக்கி விழுந்தார். ஆடுவோர் மூவராயின் பெர்மாவின் முறை செல்லாது என அவர் கருதினார். முதலாமவருக்கு ஒரு வெற்றியும் ஏனை இருவருக்கும் இவ்விரண்டு வெற்றிகளும் தேவை. மூன்று ஆட்டத்தில் முடியும், நிலைகள் 27. இரண்டாமவர் முதல் இரண்டு ஆட்டங்களையும், முதலாமவர் மூன்றாவதையும் வெல்வதாகக் கொள்வோம். இருவரும் தத்தம் தேவையை நிறைவேற்றினர் எனக் கருதிப் பஸ்கால் அந்நிலையை இருவர்க்கும் சரிபாதியாக்கினார். இவ்வாறு ஆறு நிலைகளைப் பாதியாக்கி அவர் பெற்ற விடை 16, ஐந்தரை, ஐந்தரை. மூவருக்கும் பொருந்தும் தம் பின்னோக்கு முறையோ 17, 5, 5 எனக் காட்டியது. பெர்மாவின் மறுமொழி சுருக்கமானது. முதலில் எவர் இலக்கை அடைந்தாரோ அவரே வென்றவர்; பின்னர் விழுந்தது கணக்கிற்கு உதவியே தவிர உரிமையை மாற்றாது. மேற்கூறிய நிலை முழுவதும் இரண்டாமவர்க்கே உரியது. அவ்வாறு பிரித்தால் 17, 5, 5 என்பதே விடை. எந்த உரிமை எப்போது நிலைபெற்றது என்று வினவுதல் நீதியாளரின் அன்றாடப் பழக்கம். அப்பழக்கமே கணிதமேதையின் தவறைத் திருத்திற்று எனக் கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. தார்த்தாக்லியா வழக்கை நீதிமன்றத்திற்கு அனுப்பி 98 ஆண்டின் பின் தீர்ப்பு வந்தது.

சட்டத்துறைக்கும் இக்கணக்கிற்கும் உள்ள தொடர்பு தற்செயலானதன்று. மீனவன் அடுத்து வீசப்போகும் வலையில் அகப்படுவதை முன்கூட்டியே விலைபேசி வாங்கும் உடன்படிக்கையை உரோமச் சட்டம் ஏற்றிருந்தது. வலை வெறிதாக வந்தாலும் உடன்படிக்கை செல்லும். விற்கப்பட்டது மீனன்று, மீன் மீதான நம்பிக்கை. கடற்காப்புறுதி, ஆயுட்கால ஆண்டுத்தொகை என்பனவும் இவ்வகை உடன்படிக்கைகளே. வாணிபம் விரிய விரிய, நம்பிக்கைக்கு நியாயமான விலை எது என்னும் வினா வலுப்பெற்றது. 1657 இல் ஒல்லாந்தரான ஹைகன்ஸ் வெளியிட்ட சிறுநூல் இவ்வினாவையே முதல் எடுகோளாக்கிற்று. லைடன் பல்கலைக்கழகத்திற் சட்டமும் கணிதமும் பயின்ற இவர், பாரிஸ் சென்றபோது பந்தயப் பணக் கணக்கைப் பற்றிக் கேள்விப்பட்டார், தீர்வு முறையை எவரும் அவருக்குக் கூறவில்லை, தாமே கண்டறிந்தார். சமவாய்ப்புடன் இரு தொகைகளுள் ஒன்றைப் பெறக்கூடிய நிலையின் பெறுமதி அவ்விரண்டின் சராசரியே என்பது அவரது முதலாவது வாய்ப்பாடு. இன்று நாம் எதிர்பார்ப்புப் பெறுமானம் என மனனஞ் செய்வது இதுவே. அதனை அவர் வரைவிலக்கணமாக ஓதிவிடவில்லை. எவர்க்கும் அநீதியில்லாத ஆட்டமொன்றை அமைத்துக் காட்டி, அதிற் பங்குபெறுவதற்கு அவ்வளவே விலையாகும் என நிறுவினார்.

பதினான்கு கூற்றுக்களைக் கொண்ட அந்நூலே இத்துறையில் அச்சேறிய முதற் பாடநூல். இறுதியில் ஐந்து வினாக்களை வாசகரின் பயிற்சிக்காக விட்டுச்சென்றார். இரவிரவாக நாம் ஒப்படைக்காகச் செய்யும் பயிற்சி வினாக்களின் மூதாதையர் இவ்வைந்துமே. அவை இலேசானவையல்ல. ஆளுக்குப் பன்னிரண்டு நாணயத்துடன் தொடங்கி, மூன்று கட்டைகளை எறிந்து, 11 விழுந்தால் ஒருவருக்கும் 14 விழுந்தால் மற்றவருக்கும் ஒரு நாணயம் கொடுக்கப்பட, எவர் முதலில் யாவற்றையும் இழப்பர் என்பது ஐந்தாவது வினா. 14 இற்கு 15 நிலைகள். 11 இற்கு 27 நிலைகள். அதாவது 5 இற்கு 9. பன்னிரண்டு நாணயங்களுக்கு இதன் பன்னிரண்டாம் அடுக்கு எடுத்தால் 24,41,40,625 இற்கு 2,82,42,95,36,481 என்னும் விடை வரும். நூற்றுக்கு முப்பத்தாறு வீதம் என்று சொல்லத்தக்க சிறு அனுகூலம், நெடிய ஆட்டத்தில் ஆயிரத்திற்கு ஒன்று என்னும் வீழ்ச்சியாக மாறுகிறது. சூதினால் வரும் கேட்டை நம் அறநூலார் பலபடப் பாடியுள்ளனர். அதனை எண்ணிற் காட்டியது இக்கணக்கு.

கட்டைக்கு முகங்கள் ஆறு; நாணயத்திற்குப் பக்கங்கள் இரண்டு. இவற்றின் சமநிலையை அமைப்பை நோக்கியே துணியலாம். மனித ஆயுளுக்கும் நோய்க்கும் விளைச்சலுக்கும் முகங்கள் எத்தனை? 1662 இல் இலண்டன் வணிகரான கிரான்ற் அந்நகரின் மரணப் பட்டியல்களைத் தொகுத்து ஆராய்ந்தபோது இவ்வினா கணிதத்தின் முன் வந்து நின்றது. சமமாக நிகழத்தக்க நிலைகளை முன்கூட்டியே எண்ணமுடியாதவிடத்து என் செய்வது? யாக்கோப் பேர்ணூலி இருபது ஆண்டுகள் இதனைத் தம்முள் வைத்திருந்ததாகக் கூறுகிறார். நிகழ்ந்தவற்றின் எண்ணிக்கையிலிருந்து நிகழத்தக்கவற்றின் விகிதத்தை அறியலாம் என்பதும், நோக்கல்கள் பெருகப் பெருக அவ்வறிவின் உறுதியும் வேண்டிய அளவிற்குப் பெருகும் என்பதும் அவர் கண்ட பேருண்மை.

அவர் காட்டும் எடுத்துக்காட்டு இது. கலமொன்றில் 3000 வெண் கற்களும் 2000 கருங் கற்களும் உள. எமக்கு அது தெரியாது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் திரும்ப இடுகிறோம். 3 இற்கு 2 என்னும் விகிதத்தை ஐம்பதிலொன்று என்னும் எல்லைக்குள் அறிந்துகொள்ள, ஆயிரத்திற்கு ஒன்று என்னும் உறுதிக்கு, எத்தனை முறை எடுத்தல் வேண்டும்? பேர்ணூலியின் விடை 25,550. 1705 இல் அவர் மறைந்தபோது அவரது நூல் முற்றுப்பெறாதிருந்தது. சட்டத்தில் இக்கலையின் பயன் குறித்து 1709 இல் ஆய்வேடு எழுதிய, அவர்தம் சகோதரரின் மகனாகிய நிக்கொலஸ் முன்னுரை எழுத, 1713 இல் அது பாசெல் நகரில் வெளிவந்தது. ஹைகன்சின் சிறுநூல் முழுவதும் உரையுடன் அதன் முதற் பகுதியாக அமைந்தது. நான்காம் பகுதி குடியியல், ஒழுக்கவியல், பொருளியல் ஆகியவற்றில் இக்கணக்கைப் பிரயோகித்தல் பற்றியது எனத் தலைப்பிடப்பட்டுள்ளது. அத்தகைய பிரயோகம் ஒன்றேனும் அதில் இல்லை. 25,550 என்னும் எண்ணைக் கணித்த சிறிது தூரத்தில் நூல் நின்றுவிடுகிறது.